பத்ரூனில் மூன்று நாள்

“பத்ரூனுக்கு ஒரு மூணு நாள் போயிட்டு வரலாமா?”

“எதுக்கு வீண் அலைச்சல்? இங்கயே நல்லாத்தான இருக்கு.”

“சரி, அப்ப வேணாம்.”

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், பெய்ரூட்டின் கிழக்குப் பக்கத்தில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில், இன்னும் பிரிக்காத பரிசுப் பெட்டிகளுக்கு நடுவே நஸ்ரிக்கும் நஜ்லாவுக்கும் நடந்த பேச்சு இது. மொத்தமே மூன்று வரி. ஆனால் இந்த நாற்பது வருடத்தில் நஸ்ரி இதைச் சொல்லாத விருந்து கிடையாது. இரண்டாவது கோப்பை அரக் உள்ளே போனதும் நாற்காலியில் சாய்ந்துகொள்வார். “தேனிலவுக்குக் கூப்பிட்டதுக்கே வேணாம்னவ என் பொண்டாட்டி. அன்னிலேந்து இன்னி வரைக்கும் இது வேணும் அது வேணும்னு ஒரு வார்த்த கேட்டதில்ல.” மற்ற ஆண்கள் தங்கள் மனைவிமாரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு தலையாட்டுவார்கள். அந்தச் சமயத்தில்தான் நஜ்லா காப்பித் தட்டோடு உள்ளே வருவாள். கோப்பைகளை ஒவ்வொன்றாக வைப்பாள், பொதுவாக ஒரு புன்னகை புன்னகைப்பாள், திரும்பிப் போவாள். அந்தக் கதையில் ஒரே ஒரு சின்ன விஷயத்தை மட்டும் நஸ்ரி யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே வைத்திருந்ததில் அவருக்கே அது மறந்துபோயிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அதே பேச்சு இன்னொரு தடவை நடந்தது. துபாயில் வேலையாயிருக்கும் மகள் மிரேய், அப்பா அம்மாவின் நாற்பதாவது திருமண நாளுக்கு ஒரு பரிசு பார்த்து வைத்திருந்தாள். வடக்கே கடலோர ஊரான பத்ரூனுக்கு மேலே, படிப்படியாகக் கடலை நோக்கி இறங்கும் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு பழைய கல்வீடு. அதில் மாடி அறை. வியாழக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புவது. எந்த நேரம் எங்கே என்று நீளமாக எழுதி அனுப்பியிருந்தாள். முதல் நாள் சாயங்காலம் தோட்டத்தில் நடப்பது, மறுநாள் காலை அறுவடை பார்ப்பது, அப்புறம் கீழே ஊருக்குள் இறங்கிப் பழைய கடல் சுவர், எலுமிச்சைச் சாறு, மீன் சாப்பாடு, அம்மாவுக்கு அரைக் கோப்பை சிவப்பு ஒயின், அப்பாவுக்கு மாத்திரை மறக்காமல். நஸ்ரி அதை மேலோட்டமாகப் பார்த்தார். ஒரு படமும் இருந்தது. ஒரு மொட்டை மாடி, இரண்டு நாற்காலி, நிறைய நீலம்.

நஜ்லா அப்போது சமையலறையில் கூசாக் காய்களைக் குடைந்துகொண்டிருந்தாள். விரல் நீளக் காய்களின் தோல் கிழியாமல் உள்சதையை மட்டும் நீண்ட மெல்லிய கத்தியால் சுழற்றி எடுத்து, அரிசியும் கறியும் அடைத்து வேகவைப்பது ஞாயிற்றுக்கிழமையிலும் திருநாளிலும் செய்கிற சாப்பாடு. நஸ்ரி கதவில் சாய்ந்து, அவள் முதுகைப் பார்த்துக் கேட்டார்.

“மிரேய் பத்ரூன்ல ரூம் பாத்திருக்காளாம். மூணு ராத்திரி. போலாங்கறியா?”

“எதுக்கு அந்தப் பொண்ணுக்கு வீண் செலவு? இந்த வெயில்ல.”

“நானும் அதான் நெனச்சேன்.”

உடனே மகளுக்கு எழுதிப் போட்டார். ‘அம்மா வேணாங்கறா.’ மிரேயிடமிருந்து பதில் வர நேரமாயிற்று. ‘சரிப்பா. அம்மாவுக்கு எதுதான் வேணும்?’ நஸ்ரி சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டு எழுதினார்: ‘நான் போதும்.’

இன்று புதன்கிழமை. நாளைக்குச் சிலுவைத் திருநாள். கரண்ட் மதியமே போய்விட்டது. தெருவில் ஜெனரேட்டர்காரனும் என்னவோ பழுது என்று நிறுத்திவிட்டான். நஜ்லா மூன்று மணிக்கே முடி அலங்காரக் கடைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். நஸ்ரி பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மஞ்சள் குருவியின் கூண்டுக்குக் கீழே நாற்காலி போட்டு அரைத்தூக்கத்தில் இருந்தபோதுதான் வாசல் கதவு தட்டப்பட்டது. நஜ்லாவின் அக்கா அதேல், புருஷனை இழந்தவள். மூச்சு வாங்க, ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“லிஃப்ட் ஓடலன்னு ஒரு போன் பண்ணக்கூடாதா? மூணு மாடி ஏறினதுல மேல போயி எம்புருஷனையே பாத்துட்டு எறங்கி வந்திருக்கேன்.”

“புத்ருஸ் என்ன சொன்னான்?”

“உன்ன விசாரிச்சான். இன்னும் எத்தன நாள் ஆகும்னு கேட்டான்.” அதேல் உள்ளே வந்து சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தாள். “அவ எங்க?”

“முடி வெட்டிக்கப் போயிருக்கா.”

“ம், ம்ம்.” அதேல் ஒரு மாதிரி சிரித்தாள். நஸ்ரிக்கு அந்தச் சிரிப்பு விளங்கவில்லை. ஈஸ்டருக்கும் யாராவது வீட்டுக் கல்யாணத்துக்கும் தவிர நஜ்லா அந்தக் கடைப்படி ஏறமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். இன்றைக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றியிருக்கவில்லை.

“காப்பி போடுறேன்.”

“வேணாம். உடனே கெளம்பணும்.”

“ஒரு வாய்தான், குடிச்சுட்டுப் போ.”

“வேணாங்கறேன்ல. வயித்துக்கு ஆகல.”

“ஏலக்கா போட்டுப் போடுறேன், வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது. தண்ணியே வச்சாச்சு.”

“இவ்ளோ சொல்ற. சரி, கொஞ்சமா.”

காப்பி பொங்கி வந்ததும் மூன்று தடவை இறக்கி ஏற்றி, சின்னக் கோப்பையில் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அதேல் ரசித்துக் குடித்தாள். குடித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

“சாவியக் குடு. குருவிய நான் இப்பவே தூக்கிட்டுப் போயிடுறேன். ஹபக் துளசிச் செடிக்கெல்லாம் சாயந்தரம் ஒரு தடவ தண்ணி விட்டாப் போதுமாம், அவ சொல்லிட்டா. காலேல எத்தன மணிக்குக் கெளம்புறீங்க?”

“எங்க?”

“பத்ரூனுக்கு.”

“நாங்க போகலையே. அவதான் வேணாம்னுட்டா.”

அதேல் கோப்பையைத் தட்டில் வைத்தாள். “எப்ப?”

“ஞாயித்துக்கெழம.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன?”

“அப்புறம் திரும்பக் கேட்டியா?”

“அதான் வேணாம்னுட்டாளே.”

கண் பரிசோதனைப் பலகையில் முதல் வரியின் பெரிய எழுத்தையே படிக்க முடியாத ஒருவரைப் பார்ப்பதுபோல் அதேல் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நஸ்ரிக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தெட்டு வருடம் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர் அவர். அந்தப் பார்வையை மற்றவர்கள்மேல் செலுத்தியவரும் அவர்தான்.

“இப்ப நான் காப்பி வேணாம்னு எத்தன தடவ சொன்னேன் நஸ்ரி?”

“ரெண்டு தடவ.”

“குடிச்சேனா இல்லையா?”

“நீ விருந்தாளி.”

“அப்ப அவ?”

“அவ என் பொண்டாட்டி! வீட்டுக்குள்ள என்ன உபசாரம்? வேணும்னா வேணும்னு சொல்லப்போறா, வேணாம்னா வேணாம்னு சொல்லப்போறா.”

“அது உங்க வீட்ல. நீங்க நாலு தடிப்பசங்க, ரொட்டி மேசைக்கு வர்றதுக்கு முன்னாடியே பாஞ்சு புடுங்கித் தின்னு வளந்தவங்க. எங்க வீட்ல மொதத் தட்டுக்கே கைய நீட்டினா எங்கம்மா மேசைக்கு அடியில தொடையில கிள்ளுவா. பட்டினி போட்டு வளத்தேன்னு ஊரு சொல்லணுமாடின்னு கேப்பா. ஒரு தடவ வேணாம்னு சொல்லணும். ரெண்டாவது தடவ கொஞ்சம் எறங்கி வேணாம்னு சொல்லணும். மூணாவது தடவதான் ‘சரி, நீங்க இவ்ளோ சொல்றதால.’ எம்புருஷன் அஞ்சு தடவ கேப்பான். எனக்கே அலுத்துப் போயி அவன் வாயப் பொத்துவேன்.”

நஸ்ரி சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

“நாப்பது வருஷமாவா, அதேல்?”

“அத என்கிட்ட கேக்காத.” அதேல் எழுந்தாள். பால்கனிக்குப் போய்க் கூண்டைக் கொக்கியிலிருந்து கழற்றினாள். “ஞாயித்துக்கெழம ராத்திரியே எனக்கு போன் பண்ணி, கூண்டுல எந்தப் பக்கம் தீனி வைக்கணும், எந்தத் துணியப் போத்தணும், எல்லாம் சொல்லி முடிச்சுட்டா. ‘இன்னும் சரியா முடிவாகல, நஸ்ரி கேட்டுக்கிட்டு இருக்கான்’னா. நீ கேட்டுக்கிட்டு இருக்கியாம்! நான் இத எடுத்துட்டுத்தான் போவேன். பறவ திரும்ப வேணும்னா பத்ரூன்லேந்து வந்து வாங்கிக்க.”

படியில் அவள் காலடிச் சத்தமும் குருவியின் சின்னச் சின்ன ஆட்சேபங்களும் கீழே இறங்கிப் போயின. நஸ்ரி கோப்பையைக் கழுவினார். கழுவியதையே மறுபடி கழுவினார்.

கடையில் அவர் செய்த வேலையே கேட்பதுதான். வந்தவர் மோவாயைத் தாங்கியில் வைத்துக்கொள்வார். நஸ்ரி ஒரு கண்ணாடி வில்லையைப் போட்டு, இது தெளிவா என்பார், அடுத்ததைப் போட்டு, இதுவா என்பார். முதலில் வரும் பதிலை அவர் எழுதிக்கொண்டதே கிடையாது. ஜனங்கள் முதலில் சொல்வது மரியாதைக்குச் சொல்வது. டாக்டர் மனசு கோணக்கூடாது, நேரம் ஆகக்கூடாது, தனக்குக் கண் அவ்வளவு மோசமில்லை என்று காட்டிக்கொள்ள வேண்டும். அதனால் அதே வில்லையை எடுத்துவிட்டு மறுபடி அதையே போட்டுக் கேட்பார். மூன்றாவது தடவைதான் உண்மை வரும், ஒரு மாதிரி வெட்கத்தோடு. ‘இல்ல, அந்த முன்னாடி போட்டதுதான் நல்லாத் தெரிஞ்சுது.’ பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மூன்று தலைமுறை அவரிடம் வந்ததற்கு இந்த ஒரு பொறுமைதான் காரணம். தினம் இருபது பேரிடம் மூன்று மூன்று தடவை கேட்டுவிட்டு, சாயங்காலம் கதவை இழுத்துச் சாத்திவிட்டு அவர் வீட்டுக்கு வந்தார். வீட்டில் எல்லாவற்றையும் ஒரு தடவைதான் கேட்டார்.

ஒரு நீலக் கோட்டு நினைவுக்கு வந்தது. புர்ஜ் ஹம்மூத் கடைத்தெருவில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைமேல் மாட்டியிருந்தது. நஜ்லா நடை தளர்ந்து நின்றாள், நின்றதை மறைக்கக் கைப்பையில் எதையோ தேடினாள். வாங்கிக்கறியா என்றார். நம்ம ஊருக் குளிருக்கு இதெல்லாம் எதுக்கு என்றாள். நடந்தார்கள். இன்னொரு சமயம் கார் ஓட்டக் கற்றுத் தரட்டுமா என்றார். ஐயோ நானா என்றாள். அதோடு அது முடிந்தது. அன்றிலிருந்து அவரே ஓட்டினார், அவரே எப்போது கிளம்புவது என்று முடிவு செய்தார். மிரேய் சின்னவளாக இருந்தபோது கோடையில் நாலைந்து தடவை பத்ரூனுக்கே போயிருக்கிறார்கள். காலையில் போவது, குளிப்பது, எலுமிச்சைச் சாறு குடிப்பது, வெயில் சாயத் தொடங்கியதும் நெரிசலுக்கு முன்னால் காரை எடுத்துவிடுவது. ஒரு மணி நேர தூரத்துக்கு அறை போட்டுத் தங்குவார்களா யாராவது? ஈரத் துண்டில் சுற்றிய குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நஜ்லா பின்பக்கக் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருவாள். ஏதாவது மறந்து வைத்துவிட்டோமா என்று பார்க்கிறாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் கேட்பார், ‘எல்லாம் எடுத்தாச்சுல்ல?’ எடுத்தாச்சு என்பாள்.

அதற்கு மேல் நினைக்க வேண்டாம் என்று எழுந்து போய் முகம் கழுவினார். கண்ணாடியில் தண்ணீர் சொட்டும் முகத்தைப் பார்த்தபோது அது தானாக வந்து நின்றது. உள்நாட்டுச் சண்டை ஓய்ந்த வருடம். மிரேய்க்கு ஐந்து வயது. விளக்கை அணைத்த பிறகு, கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். ‘இன்னொண்ணு பெத்துக்கலாமா?’ இருட்டில் நஜ்லா, ‘எதுக்கு? ஒண்ணு போதாதா?’ என்றாள். அவர் சரி என்றார்.

மகள் அனுப்பியதைத் தேடி எடுத்து, இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசியில் தொலைபேசி எண் இருந்தது. அந்தப் பக்கம் எடுத்தது ஒரு இளம்பெண். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

“கத்திப் பேசுங்க அங்கிள், சாறு புழிஞ்சுக்கிட்டு இருக்கோம்!”

நஸ்ரி கத்தினார். மாடி அறை திங்கட்கிழமையே போய்விட்டதாக அவளும் கத்தினாள். அப்புறம் இரைச்சலிலிருந்து தள்ளி வந்து சாதாரணக் குரலில் பேசினாள். “பின்பக்கம் ஒரு சின்ன ரூம் இருக்கு. எங்க அத்த இருந்த ரூம். சாறு புழியற எடத்துக்கு ஒட்டுனாப்ல. வாசம் அடிக்கும், சில பேருக்குப் பிடிக்கும், சில பேருக்குத் தலவலிக்கும். ஜன்னல்லேந்து கடல் தெரியாது. கடல் பாக்கணும்னா தோட்டத்துல நாலு படி எறங்கணும். ஆன்ட்டிக்கு ரூம்லேந்தே கடல் தெரியறது முக்கியமா அங்கிள்?”

முப்பத்தெட்டு வருடமாகக் கண்களைச் சோதித்த மனிதருக்குத் தன் மனைவிக்கு எதைப் பார்க்கப் பிடிக்கும் என்று தெரியவில்லை.

“கேட்டுச் சொல்றேன்மா.”

“வேற ஒருத்தரும் கேட்டிருக்காங்க. ஏழு மணிக்கு நானே கூப்பிடுறேன். அப்ப சரியா சொல்லிடுங்க, என்ன?”

நஜ்லா ஆறு மணிக்கு மேல்தான் வந்தாள். படியில் ஏறும் சத்தம் கேட்டதும் நஸ்ரி எழுந்து நின்றார், பெண் பார்க்கப் போனபோது நின்ற மாதிரி. முடியைக் கழுத்துவரை வெட்டி, இலேசாக நிறம் போட்டு, காற்றில் கலையாமல் இருக்க மேலே மெல்லிய துணி கட்டியிருந்தாள். கையில் செருப்புக் கடைப் பை ஒன்று. அதைக் கதவுக்குப் பின்னால், அவர் கண்ணில் படாது என்று அவள் நினைத்த இடத்தில் வைத்தாள்.

“முடி நல்லாருக்கு.”

“ம். வெயிலுக்கு எறக்கிட்டேன்.”

“நஜ்லா, பத்ரூனுக்குப் போவமா?”

துணி முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்த அவள் விரல்கள் நின்றன. “அதான் வேணாம்னு சொன்னேனே,” என்றாள். ஞாயிற்றுக்கிழமைக் குரல் இல்லை அது. அதைவிட இரண்டு படி கீழே இறங்கிய குரல், ஓரத்தில் ஒரு கதவு ஒருக்களித்துத் திறந்திருக்கிற குரல். நாற்பது வருடத்தில் முதல் தடவையாக நஸ்ரி அந்த வித்தியாசத்தைக் கேட்டார். இன்னும் ஒரே ஒரு தடவை. அவர் வாயைத் திறப்பதற்குள் நஜ்லாவின் பார்வை பால்கனிப் பக்கம் போனது. காலியான கொக்கியைப் பார்த்தாள்.

“குருவி எங்க?”

அவரும் கொக்கியைப் பார்த்தார்.

“அதேல் வந்தாளா?”

“வந்தா.”

“அவ சொல்லித்தான் கேக்குறியா?”

பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் நம்பினாலும் நம்பியிருப்பாள். “ஆமா,” என்றார்.

நஜ்லா தலையிலிருந்து துணியை எடுத்து நான்காக மடித்தாள். “அப்ப இது உன் கேள்வி இல்ல நஸ்ரி, அவளோடது. அவளுக்கே பதில் சொல்லிக்கிறேன்.” சமையலறைக்குள் போய்விட்டாள். சற்று நேரத்தில் கத்தி காய்க்குள் சுழலும் சரசரப்பு கேட்டது.

நஸ்ரி அந்த இடத்திலேயே நின்றார். மூன்றாவது தடவை கேட்க இனி வழியில்லை. கேட்டால் கற்றுக்கொடுத்ததை ஒப்பிப்பதாகும், கேட்காவிட்டால் பழையபடி ஆகும். தெரியாத ஊரில் வண்டி நின்றுபோனவர் மாதிரி ஒரு நிமிஷம் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு உள்ளே போய் அவளுக்கு எதிரே மேசையில் உட்கார்ந்தார். ஒரு கூசாவையும் இன்னொரு கத்தியையும் எடுத்துக் குடையத் தொடங்கினார். இரண்டாவது சுற்றிலேயே கத்தி தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது.

“ஓட்ட போட்டுட்ட. அத வச்சுட்டு எந்திரி.”

அவர் எழுந்திருக்கவில்லை. “நீ வேணாம்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு,” என்றார்.

“என்னிக்கு?”

“எல்லா அன்னிக்கும்.”

கத்தி நின்றது. நஸ்ரி கையிலிருந்த ஓட்டைக் காயைப் பார்த்தபடியே பேசினார். “கல்யாணம் ஆன மூணாம் நாளு. சண்ட நடந்த நேரம், வடக்க போற ரோட்ல எல்லாம் துப்பாக்கிக்காரனுங்க சாவடி. நிறுத்தி, எறக்கி, அடையாள அட்டையக் காட்டச் சொல்வானுங்க. எனக்குக் கை நடுங்கும். புதுப் பொண்டாட்டி முன்னாடி நடுங்கிடுமோன்னு இருந்துச்சு. கேக்கணும்னு கேட்டேன், நீ வேணாம்னு சொல்லணும்னு வேண்டிக்கிட்டேன். சொன்ன. அத வச்சு நாப்பது வருஷம் பெருமையடிச்சுக்கிட்டேன்.”

இதுதான் அந்தக் கதையில் அவர் யாருக்கும் சொல்லாத சின்ன விஷயம். சொன்ன பிறகு அது சின்னதாகத் தெரியவில்லை.

“கோட்டு?” என்றாள் நஜ்லா.

“எந்தக் கோட்டு?” என்று கேட்கவில்லை அவர். “கலரு எனக்குப் பிடிக்கல.”

“எனக்குப் பிடிச்சிருந்துது.”

“தெரியும். கண்ணாடிகிட்ட நின்ன.”

அவள் குடைந்து முடித்த காயைத் தண்ணீரில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள், எடுத்ததை வைத்துவிட்டாள். வெளியே தெருவில் ஜெனரேட்டர் இருமி, ஓடி, மறுபடி அணைந்தது.

“அப்ப பிள்ள?” என்றாள். குரல் அப்படியே மட்டமாக இருந்தது, உப்பு எங்கே என்று கேட்பதுபோல.

நஸ்ரி கத்தியைக் கீழே வைத்தார். “பயந்துட்டேன். ஒண்ணையே குண்டுச் சத்தத்துல பொத்திப் பொத்திக் கர சேத்தாச்சு, இன்னொண்ணுக்கு என்கிட்ட தெம்பு இல்ல. அத எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீ போதும்னதும் உன் தலையில போட்டுட்டுத் திரும்பிப் படுத்துட்டேன்.”

“திரும்பிப் படுத்ததோட இல்ல, கொறட்ட விட்ட.” நஜ்லா ஈரக் கையின் பின்புறத்தால் நெற்றியில் விழுந்த புது முடியை ஒதுக்கினாள். “விடிய விடியக் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். நடுவுல நீ முழிச்சா இன்னொரு தடவ கேப்பேன்னு நெனச்சேன். பேருகூட வச்சிருந்தேன்.”

“என்ன பேரு?”

“அது எதுக்கு இப்ப.”

அதைக் கேட்க இரண்டாவது தடவை என்று ஒன்று உண்டா இல்லையா என்று நஸ்ரிக்குத் தெரியவில்லை. கேட்காமல் இருந்தார். அவருக்குக் கண் மங்கியது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்து மாட்டியபோது நஜ்லா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கோபமாக இல்லை. நெடுந்தூரம் நடந்து களைத்தவள் எதிரே அதே களைப்போடு வரும் ஒருவரைப் பார்ப்பதுபோல்.

“நானும் வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்,” என்றாள். “யாரு தடுத்தா? எங்கம்மா செத்து இருவது வருஷமாச்சு. இன்னும் மேசைக்கு அடியில கிள்ளிக்கிட்டுத்தான் இருக்கா.”

அப்போது மேசையில் அவருடைய போன் அடித்தது. காய்த்தோல்களுக்கு நடுவே அது அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. மணி ஏழு.

“பத்ரூன்லேந்து,” என்றார் நஸ்ரி. “மிரேய் பாத்த ரூம் போயிடுச்சு. பின்னாடி ஒரு சின்ன ரூம்தான் இருக்காம். சாறு வாசம் அடிக்குமாம். ஜன்னல்லேந்து கடல் தெரியாதாம். உனக்கு அது முக்கியமான்னு அந்தப் பொண்ணு கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியல.”

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கை போன் பக்கம் போகாமல் ஓட்டை விழுந்த காயைப் பிடித்துக்கொண்டிருந்தது. நஜ்லா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலருகே போனாள். எதிரே மலைச்சரிவில் வீடுகளெல்லாம் கரண்ட் இல்லாமல் இருண்டு வந்துகொண்டிருந்தன. அதற்கு மேலே, மலை முகட்டில், சிலுவைத் திருநாளுக்கு மூட்டிய முதல் நெருப்பு தெரிந்தது. ஒரு புள்ளிதான், காற்றில் படுத்துப் படுத்து எழுந்துகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று பற்றியது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் திரும்பாமல், அந்த நெருப்புகளைப் பார்த்தபடியே, முதல் தட்டுக்கே கையை நீட்டுகிற சிறுபெண்ணின் அவசரத்தோடு சொன்னாள்:

“என்னக் கூட்டிட்டுப் போ நஸ்ரி. எந்த ரூமா வேணா இருக்கட்டும். ஆனா சூரியன் முழுசா கடல்ல எறங்கி முடியற வரைக்கும் காரக் கெளப்பாத.”